பட்டியலில் முப்பத்தாறு, முகத்தில் அறுபது

தேர்தல் பணி ஆணையைக் கையில் வாங்கியதும் முதுகுவலி வந்துவிடுகிற இளம் ஆசிரியர்களே, அந்த வலி எனக்கும் வந்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு போய் அதிகாரி முன்னால் நின்றும் இருக்கிறேன். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, உக்காந்து செய்யிற வேலைதான்" என்று சொல்லி என்னைத் தலைமை வாக்குப்பதிவு அலுவலராகப் போட்டார். அதுவரை நான் வெறும் மை வைக்கிற ஆளாகத்தான் இருந்தேன். ஆகவே சான்றிதழ் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

கணக்கு வாத்தியாராக ஓய்வு பெறும்வரை பல தேர்தல்களைப் பார்த்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய எவனையும் பார்த்ததில்லை. கத்தி, கம்பு எதுவும் என் பூத்துக்குள் வந்ததில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு மனிதருடைய முகத்தால். பயிற்சி வகுப்பில் உங்களுக்கு இயந்திரத்தை எப்படி இணைப்பது, எப்படி முத்திரை வைப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். முகத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு பூத். அப்போது வாக்குச்சீட்டு, ரப்பர் முத்திரை, இரும்புப் பெட்டி. வாக்காளருக்குப் படம் போட்ட அட்டை கிடையாது. பட்டியலில் பெயர், அப்பா பெயர், வீட்டு எண், வயது இருக்கும். வருகிறவர் அந்த ஆள்தானா என்பதை உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் என்பதால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் என் பூத்தில் புதிதாக வீடுகள் முளைத்த தெரு ஒன்று சேர்ந்திருந்தது. அங்கே குடிவந்தவர்களை ஏஜெண்டுகளுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சரியாகத் தெரியாது.

ஏஜெண்டுகள் இரண்டு பேர். ஒருவர் அறைக்குள்ளும் கூலிங் கிளாஸைக் கழற்றாத இளைஞர். சட்டம் பேசுவார். இன்னொருவர் சொந்தமாகத் தறி போட்டிருந்த, தோளில் துண்டு போட்ட அண்ணாச்சி. அவருக்கு ஒரே கொள்கை: கூலிங் கிளாஸ் யாரை ஆட்சேபித்தாலும் அந்த ஆளை ஆதரிப்பது.

காலை நேரக் கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி. முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்து உரக்கப் படித்தார். "ஞானமுத்து, தகப்பனார் தேவசகாயம், வயது முப்பத்தாறு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அறுபது இருக்கும். குறைத்துச் சொன்னால் ஐம்பத்தெட்டு. கன்னம் ஒட்டியிருந்தது. தோல் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. சாம்பல் பூத்த ஒரு மஞ்சள். கண்ணோரத்தில் வரிகள் காதுவரை போயின. உதட்டைச் சுற்றி நின்ற கோடுகள் சுருக்குப்பையின் வாயைப் போல இருந்தன. தலைமுடி மட்டும் கறுப்பு.

கூலிங் கிளாஸ் எழுந்துவிட்டார். "சார், ஆட்சேபணை! இவரு ஞானமுத்து இல்ல. இவரு தேவசகாயம். அப்பன் வந்து மகன் ஓட்டைப் போடுதாரு. அடுத்தாப்ல இவரு ஓட்டும் இருக்கு பாருங்க, தேவசகாயம், வயசு அறுபத்தொண்ணு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு!"

"தலைமுடி கறுப்பா இருக்கே வே?" என்றார் துண்டு அண்ணாச்சி.

"சாயம்."

வந்தவர் என்னைப் பார்த்தார். "சார், நான்தான் சார் ஞானமுத்து. வேற யாரு நான்?"

குரல் சின்ன வயதுக் குரலாகத்தான் இருந்தது. ஆனால் குரலை வைத்து என்ன செய்வது? எதற்கும் இருக்கட்டும் என்று இடது ஆள்காட்டி விரலைக் காட்டச் சொன்னேன். முன்பே வாக்களித்த மை அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது விதி. அவர் கையை நீட்டினார். அது இன்னொரு வம்பாகிவிட்டது. விரல் நகத்திலிருந்து நடுக்கணு வரை பழுப்பேறிக் கிடந்தது.

"மை! இவன் மையைச் சுண்ணாம்பு போட்டு அழிச்சிருக்கான் சார்!" கூலிங் கிளாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை 'இவரு' என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது 'இவன்' என்று இறங்கிவிட்டார்.

நான் அந்த விரலை முகர்ந்து பார்த்தேன். தேர்தல் விதிகளில் முகர்வதற்கு இடமும் இல்லை, தடையும் இல்லை. பீடி வாசனை. விரலில் மட்டும் இல்லை, சட்டையில், மூச்சில், அவர் நின்ற இடத்தில் எல்லாம் பீடி.

"எங்க வேலை செய்யிறீங்க?"

"கமிஷன் மண்டியில கணக்கு எழுதுதேன் சார். வலது கையில பேனா, இடது கையில பீடி. காலைல கடை தொறந்ததுல இருந்து அணையாது. ஒண்ணுல இருந்து ஒண்ணு பத்த வச்சிக்கிடுவேன்."

மை வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது. ஆள் வழக்கு பாக்கி.

உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்கும். ஏஜெண்ட் சிறு தொகை கட்டி ஆட்சேபித்தால் நாம் விசாரிக்க வேண்டும். ஆட்சேபணை நிரூபணமானால் அந்த ஆளை வாசலில் நிற்கும் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கூலிங் கிளாஸ் தொகையைக் கட்டியதும் இதை நான் ஞானமுத்துவிடம் எடுத்துச் சொன்னேன். போலீஸ்காரர் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு வாசலில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

ஞானமுத்து மேசையை நெருங்கி வந்தார். "சார், போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னா மண்டியில என்னைய விடுவாங்களா? கள்ள ஓட்டுக்காரன்னு பேரு வாங்கினவன்கிட்ட எந்த முதலாளி கணக்கைக் கொடுப்பான்? எனக்கு வேற தொழில் தெரியாது சார்." சொல்லிக்கொண்டே தன்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார். பூத்துக்குள் கூடாது என்று சொன்னேன். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

கூலிங் கிளாஸிடம் ஆதாரம் கேட்டேன்.

"முகத்தைப் பாருங்க சார். அதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

என் சங்கடம் உங்களுக்குப் புரிய வேண்டும். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மனதுக்குள் நான் ஏற்கனவே அவர் பக்கம் போய்விட்டேன். ஓட்டுப் போட வருகிறவர் பள்ளிச் சான்றிதழைக் கொண்டு வருவாரா? முதலாளியைக் கூப்பிடலாம் என்றால், மண்டி அன்றைக்கு விடுமுறை; அவர் கடையநல்லூரில் இருந்தார். வரிசையில் நின்றவர்களில் அந்தத் தெருக்காரர் யார் என்று கேட்டேன். ஒருவர் கை தூக்கினார். பக்கத்து வீடு.

"அந்த வீட்ல அப்பாவும் மகனும் உண்டு சார். இவுக அதுல ஒருத்தரு. அது நிச்சயம்."

"எவர்?"

அவர் ஞானமுத்துவை நன்றாகப் பார்த்தார். "அதான் தெரியல. இவுகளைத்தான் அப்பான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நேத்துகூட பெரியவரேன்னு கூப்பிட்டேன். இவுகளும் ஏன்னு கேட்டாக."

"எல்லாரும் அப்படித்தான் சார் கூப்பிடுதாக," என்றார் ஞானமுத்து. "எத்தனை பேருகிட்ட இல்லைன்னு சொல்ல?"

அந்தச் சமயத்தில் வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஒல்லி, நேரான முதுகு, ஒட்ட வெட்டிய தலையில் அங்கங்கே நரை. தோல் இறுக்கமாக, கன்னம் பளபளவென்று இருந்தது. நாற்பத்தைந்துக்கு மேல் மதிக்க முடியாது. "என்னய்யா என் மகனை நிறுத்தி வச்சிருக்கீங்க? நான் தேவசகாயம். வாசுதேவநல்லூர்ல தையக்கடை வச்சிருந்தேன். இப்போ மகன் வீட்ல இருக்கேன்" என்றார்.

கூலிங் கிளாஸ் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா சார்? இவன்தான் ஞானமுத்து! அப்பனும் மகனும் பேரை மாத்திக்கிட்டு வந்திருக்கானுவ!"

"நரைச்சிருக்கே வே?" என்றார் துண்டு அண்ணாச்சி.

"இளநரை."

கறுப்பாக இருந்தால் சாயம், வெளுத்திருந்தால் இளநரை. இப்படிப்பட்டவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. தேவசகாயத்தின் சாட்சியையும் வாங்க முடியாது. அவர் யார் என்பதே இப்போது வழக்காகிவிட்டது. வெளியே வரிசை கத்த ஆரம்பித்தது. "ஏலே, என்ன நடக்கு உள்ள? வெயில்ல சாவணுமா?" என்று ஒரு குரல். என்னைப் பழக்கிய ஒரு வயதான தாசில்தார், "சட்டப் புத்தகத்தை எல்லார் கண்ணிலும் படுற மாதிரி மேசையில வையும். அவங்க முன்னால மட்டும் புரட்டிராதேயும்; உமக்கே தெரியலைன்னு தெரிஞ்சு போகும்" என்று சொல்லியிருந்தார். கை அந்தப் புத்தகத்துக்குத்தான் போனது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன்.

வாக்குப்பதிவை நிறுத்தி வைப்பது ஆபத்து என்பதால், அப்பா, மகன் இருவரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, பெண்கள் வரிசையை விடச் சொன்னேன். பெண்கள் பின்பக்க வாசல் வழியாக வந்தார்கள். இங்கே நடந்த எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஏழெட்டுப் பேர் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். அவர் பார்வை சுவரோரம் போனது. நேராக ஞானமுத்துவின் முன்னால் போய் நின்றார்.

"இங்கனதான் நிக்கீங்களா? காலம்பற போனவுக இன்னும் வரலியேன்னு பிள்ளைய அடுத்த வீட்ல விட்டுட்டு ஓடி வாரேன். ஒரு ஓட்டுப் போட இம்புட்டு நேரமா? பீடி குடிக்க மரத்தடிக்கு எத்தனை வாட்டி போனீங்க? அதான் வரிசை போயிருக்கும். கையில என்ன அது? இங்க வந்தும் அதானா? பள்ளிக்கூடம்னு ஒரு இது வேண்டாமா? வாயைத் தொறந்து சொல்லுங்க!"

ஞானமுத்து பீடிக்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் பக்கத்தில் நின்ற தேவசகாயத்தை அப்போதுதான் கவனித்தார். சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் பாதியாக இறங்கிவிட்டது. "மாமா, நீங்க வெயில் ஏறதுக்குள்ள போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. கஞ்சி எடுத்து மூடி வச்சிருக்கேன்."

கூலிங் கிளாஸ் அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெண்ணைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"சார், ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"ஏன்?"

"மாமனாரை எந்தப் பொம்பளையும் இந்தப் பேச்சுப் பேச மாட்டா சார். இது சம்சாரம்தான்."

துண்டு அண்ணாச்சிக்கு இதை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று தெரியவில்லை. துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். நான் விசாரணை முடிந்ததாக அறிவித்து, அப்பா, மகன் இருவருக்கும் வாக்குச்சீட்டு கொடுக்கச் சொன்னேன். மனைவி திட்டியதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. 'ஆட்சேபணை நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினேன். மத்தியானம் ஜீப்பில் வந்த மண்டல அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, "எதை வச்சு முடிவு பண்ணினீர்?" என்று கேட்டார். சொன்னேன். படிவத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "என் வீட்லயும் அப்படித்தான். போதுமான ஆதாரம்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் இதைச் சிரிப்புக் கதையாக மட்டும் நான் நினைவு வைத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் எஸ்தர். தன் கணவரை எதற்காக நிறுத்தி வைத்தார்கள் என்று கேட்டார். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் விளக்கமாகச் சொன்னார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை. திரும்பித் தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம். அதனால்தான் அதுவரை பார்க்காமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு என்னிடம், "அப்படியா சார் தெரியுது?" என்று கேட்டார்.

நான் குனிந்து படிவத்தில் தேதியைப் போட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு இவுக முகம் எப்படி இருக்கும் தெரியுமா சார்?" என்றார். அப்புறம் ஓட்டைப் போட்டுவிட்டுப் போனார். வந்தபோது இருந்த வேகம் போகும்போது இல்லை.

புகையால் நுரையீரல் கெடும் என்று எங்களுக்குத் தெரியும். முகம் கெடும் என்று அந்தக் காலத்தில் யாரும் சொன்னதில்லை. சில வருடம் கழித்துக் கையில் வந்த அரிப்புப் படைக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. புகை தோலுக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், தோலுக்கு வேண்டிய ரத்தம் போகாது, அதனால்தான் அந்தச் சாம்பல் நிறம் என்றார். தோலை இழுத்துப் பிடித்திருக்கும் உறுதி உள்ளேயே குலைந்து போகும். உறிஞ்சி உறிஞ்சி உதட்டைச் சுற்றிக் கோடு, புகைக்குக் கண்ணை இடுக்கி இடுக்கிக் கண்ணோரம் கோடு. "விட்டா திரும்ப வருமா?" என்று கேட்டேன். "நிறம் கொஞ்சம் தெளியும். மேற்கொண்டு கெடுறது குறையும். விழுந்த கோடு விழுந்ததுதான்" என்று சொல்லிவிட்டு என் படைக்கு மருந்து எழுதினார்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சந்தேகப்படுகிறவர் சொல்வது உங்கள் கண்ணுக்கும் சரியாகப் படும்போதுதான் நீங்கள் அதிகமாகத் தாமதிக்க வேண்டும். நான் தாமதித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, என்ன செய்வதென்று தெரியாததால்தான். இருந்தாலும் பலன் ஒன்றுதான். அவசரப்பட்டிருந்தால் ஒரு மனிதர் தன் சொந்த ஓட்டைப் போட வந்ததற்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம் அவருக்கு வேலையும் இருந்திருக்காது.

எண்பதுகளில் மறுபடியும் அதே பூத் எனக்கு விழுந்தது. ஏஜெண்டுகள் மாறியிருந்தார்கள். ஞானமுத்து வந்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கோடுகள் அப்படியே இருந்தன, இன்னும் ஆழமாகவே இருந்தன. ஆனால் சாம்பல் நிறம் தெளிந்திருந்தது. விரலை நீட்டினார், பழுப்பு இல்லை. சட்டையில் சோப்பு வாசனை மட்டும்.

முதல் அலுவலர் படித்தார். "ஞானமுத்து, தகப்பனார் தேவசகாயம், வயது அறுபத்தைந்து."

அடுத்த வரியில் தேவசகாயத்துக்கு அறுபத்தெட்டு. அப்பாவுக்கும் மகனுக்கும் மூன்றே வயது வித்தியாசம். பட்டியலைத் திருத்தி எழுத வீடு வீடாகப் போனது நம்மைப் போன்ற ஒரு வாத்தியார்தான். வாசலில் உட்கார்ந்திருந்த ஞானமுத்துவிடம் வயதைக் கேட்கச் சோம்பல்பட்டு, முகத்தைப் பார்த்துத் தானாகவே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். புதிய ஏஜெண்டுகள் பட்டியலைப் பார்த்தார்கள், ஞானமுத்துவைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அவருக்கு அன்றைக்கு நாற்பத்து மூன்று வயது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "இதை இப்படியே விடக்கூடாது. வயது தப்புன்னு ஒரு மனு எழுதிக் கொடுங்க. நானே தாலுகா ஆபீஸ்ல சேர்த்திடுதேன்" என்றேன்.

அவர் அவசரமில்லாமல் சிரித்தார். "வேண்டாம் சார், இருக்கட்டும். பீடியை விட்டு ரெண்டு வருசமாச்சு. நெஞ்சுல கோளாறுன்னு பெரியாஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்தாக. எங்கப்பா வயசு வரைக்கும் நான் இருப்பேனான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவரு படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரே தவிர பதில் சொல்லலை."

பட்டியலில் தன் பெயருக்கு நேராக இருந்த எண்ணை எட்டிப் பார்த்தார்.

"இங்க ஒருத்தராவது எனக்கு அறுபத்தைஞ்சுன்னு எழுதி வச்சிருக்காரே சார். அதைப் போயி அடிக்கச் சொல்லுதீங்களே."